இளகு பிளாஸ்டிக்கும் எண்ணெய்ச் செக்கும்

அலிபிரிச் சோதனைச் சாவடியில் வண்டியை விட்டு இறங்கி, பைகளை ஸ்கேனருக்குள் அனுப்பி, மறுபக்கம் போய்ப் பொறுக்கிக்கொள்வது திருப்பதி போய்வரும் எவருக்கும் பழகிப்போன வேலை. பாதுகாப்புக்காக வந்த இந்தச் சோதனையில் பிளாஸ்டிக்கும் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. முதலில் திருமலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பதைத் தேவஸ்தானம் நிறுத்தியது. 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து மலை முழுவதற்கும் தடை வந்தது. இப்போது மேலே கடைகளில் தண்ணீர் கண்ணாடி பாட்டிலில் கிடைக்கிறது. வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுபோகிறவர்களும் கூடிவிட்டார்கள். சேஷாசலக் காட்டு ஓடைகளில் பையும் பாட்டிலும் போய் அடைவதைப் பார்த்தவர்கள் இந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அது குப்பைக் கணக்கு. வேதியியல் கணக்கு வேறு. சாவடியில் வாங்கி வைக்கப்படும் பாலிதீன் பையில் தாலேட் கிடையாது. பாலிதீன் தானாகவே இளக்கமானது, அதை மென்மையாக்க எதையும் கலக்க வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் டெரெப்தாலிக் அமிலம் இருக்கிறது. தாலேட்டுக்கு அது உறவுதான். ஆனால் பாட்டிலில் அது சங்கிலியின் ஒரு கண்ணியாகவே கோக்கப்பட்டுவிட்டது, தனியே கழன்று வராது. தாலேட் என்று நாம் பயப்படும் பொருள் சோதனையைக் கடந்து சிரமமில்லாமல் மலை ஏறுகிறது: குழந்தை கட்டிப்பிடித்திருக்கும் ஊதுபொம்மையில், மழைக்கோட்டில், ரெக்சின் தோள்பையில், எக்ஸ்டென்ஷன் வயரில், லக்கேஜ் கவுன்டரில் ஒப்படைத்த மூட்டைக்குள் செருகிய செருப்பின் வாரில். இவை எல்லாம் இளகு பி.வி.சி. எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, சிலவற்றில் அதற்கு மேலும், அது பிளாஸ்டிக்கே இல்லை. எண்ணெய் போன்ற ஒரு திரவம்.

அந்தத் திரவத்துக்குப் பாடநூல் பெயர் பிளாஸ்டிசைசர். சென்னையிலோ ஐதராபாத்திலோ ஒரு காம்பவுண்ட் பட்டறையில் போய்க் கேட்டால் “டி.ஓ.பி.” என்பார்கள். நிறமில்லாத, லேசான வாசமுள்ள, விரலில் தொட்டால் வழுவழுக்கும் திரவம். டை-எத்தில்ஹெக்சில் தாலேட் என்பது அதன் முழுப்பெயர். உலகம் முழுவதும் அரை நூற்றாண்டுக்கு மேல் பி.வி.சி.யை இளக்கியது பெரும்பாலும் இதுதான்.

அது எப்படி இளக்குகிறது? பி.வி.சி. ரெசின் வெள்ளைப் பொடி. அதை மட்டும் உருக்கி வார்த்தால் தண்ணீர்க் குழாய் போல விறைப்பாக வரும். அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளில் வரிசையாக குளோரின் அணுக்கள் இருக்கின்றன. ஒரு சங்கிலியின் குளோரின் பக்கம் அடுத்த சங்கிலியின் ஹைட்ரஜன் பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தர்ம தரிசன வரிசையில் தோளோடு தோள் இடித்து நிற்கும் கூட்டம் மாதிரி, யாரும் நகர முடியாது. டி.ஓ.பி. மூலக்கூறுகள் இந்த நெரிசலுக்குள் நுழைந்து ஒவ்வொருவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் உண்டாக்கிவிடுகின்றன. சங்கிலிகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். சுமார் 80 டிகிரி வெப்பத்தில்தான் இளகவேண்டிய பி.வி.சி., பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் மடக்கினால் மடங்கும்.

இங்கே நடப்பது கலப்பு மட்டும்தான், பிணைப்பு ஏதுமில்லை. உள்ளே போனது ஒருநாள் வெளியே வரும். இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். பள்ளிப் பையில் வாசனை ரப்பரையும் பிளாஸ்டிக் ஸ்கேலையும் ஒன்றாகப் போட்டு, கோடை விடுமுறை முடிந்து திறந்து பாருங்கள். ரப்பர் ஸ்கேலோடு ஒட்டியிருக்கும். பிய்த்தால் ஸ்கேலில் ரப்பரின் வடிவத்திலேயே ஒரு பள்ளம், அந்த இடம் பிசுபிசுவென்று. அழிரப்பர் என்று விற்பதில் பல இளகு பி.வி.சி.தான். அதிலிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர் பக்கத்தில் கிடந்த பாலிஸ்டைரீனைக் கரைத்துவிட்டது. தெருவில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரை இறக்கி மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டவர்களுக்கு இதன் மறுபாதி தெரியும். இரண்டு வெயில் பார்த்ததும் துணி விறைத்து, மடித்த இடத்தில் பொரிந்து உதிரும். இளக்கியது போய்விட்டது, விறைத்தது மட்டும் மிச்சம்.

திரவம் எங்கே போகும் என்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீருக்குள் தாலேட் அவ்வளவாகப் போகாது. நெய், எண்ணெய், ஊறுகாய், பால், ரத்தம் என்றால் விரும்பிப் போகும்; கொழுப்பில் கரையும் குணம் அதற்கு.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு இந்தச் செய்தி எட்டியது ரத்தத்தின் வழியாகத்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஜேகரும் ராபர்ட் ரூபினும் எலியின் கல்லீரலுக்குள் பிளாஸ்டிக் குழாய் வழியாக ரத்தம் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராத ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்து நின்றது. தேடிப் பார்த்ததில் அது குழாயிலிருந்தே வந்த பிளாஸ்டிசைசர். பிறகு பி.வி.சி. பைகளில் சேமித்த ரத்தத்திலும், அந்த ரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் திசுக்களிலும் அதைக் கண்டார்கள். 1970இல் சயின்ஸ் இதழில் அது வெளியானது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் எலிகளில் நடந்த ஆய்வுகள், டி.ஓ.பி. உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள் கருவில் வளரும் ஆண் குட்டியின் டெஸ்டோஸ்டிரான் உற்பத்தியைக் குறைக்கிறது என்று காட்டின. மனிதர்களில் எந்த அளவில் என்ன ஆகும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் வாயில் வைத்துக் கடிக்கும் பொம்மையிலும், குறைமாதக் குழந்தைக்குப் போடும் குழாயிலும் அதை வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று பல நாடுகள் முடிவெடுத்தன. ஐரோப்பா 1999இல் குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளுக்குத் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் தடை போட்டது. அமெரிக்கா 2008இல். வரம்பு எடையில் 0.1 சதவீதம். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதற்கான ஐ.எஸ். 9873 தரத்தின் 9ஆம் பகுதி தாலேட்டுக்கே உரியது.

சரி, தாலேட் வேண்டாம் என்றால் வேறு எதை ஊற்றுவது? இந்த இடத்தில் ‘தாவர எண்ணெய்’ என்ற விடை புதிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லப்படுகிறது. வரலாறு நேர்மாறானது. தொடக்கத்தில் இருந்தது தாவரப் பொருள்தான், தாலேட் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அலிபிரியிலிருந்து நடந்து ஏறுகிறவர்களில் பலர் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு கற்பூரக் கட்டியை ஏற்றுவார்கள். சுமார் 3,550 படி. குனிந்து நிமிர்ந்து முழங்கால் விட்டுப்போகும். அந்தக் கற்பூரம்தான் தொழில் உலகில் வெற்றி பெற்ற முதல் பிளாஸ்டிசைசர். 1862 லண்டன் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் ஒரு புதிய பொருளை வைத்தார்: நைட்ரேட் ஏற்றிய பஞ்சை விளக்கெண்ணெய், கற்பூரம் முதலியவற்றோடு பிசைந்து செய்த பார்க்சைன். அது வெடித்தும் வளைந்தும் போனது. கம்பெனி சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட், யானைத் தந்தத்துக்கு மாற்றாக பில்லியர்ட்ஸ் பந்து செய்யப் புறப்பட்டு, கற்பூரத்தை வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் சேர்த்து 1870இல் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சீப்பு, பொம்மை, சட்டைக் காலர், பிறகு சினிமாச் சுருள் எல்லாம் அந்தக் கற்பூரத்தின் தயவு. கற்பூரத்துக்கும் அதே குற்றம் உண்டு: நில்லாது. அது திரவமாகாமலே ஆவியாகும் பொருள். பழைய செல்லுலாய்டு பொம்மைகள் சுருங்கி வெடித்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உலகத்தின் கற்பூரத்தில் பெரும்பகுதி அப்போது தைவான் மலைக்காடுகளிலிருந்து வந்தது. தைவானை ஆண்ட ஜப்பான் 1899இல் அதை அரசின் தனியுரிமையாக்கியது. விலை அவர்கள் வைத்ததுதான். செல்லுலாய்டு முதலாளிகள் மாற்றுத் தேடி அலைந்ததற்கும் 1920களில் நிலக்கரித் தார் வேதியியலிலிருந்து தாலேட்டுகள் அரக்கு, பெயின்ட் தொழிலுக்குள் வந்ததற்கும் இடையே தொடர்பு உண்டு. 1926இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியின் வால்டோ சீமன், உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்கப் பசை தேடும் வேலையில் இருந்தார். யாருக்கும் பயன்படாத பி.வி.சி.யை அதிகக் கொதிநிலையுள்ள ஒரு கரைப்பானில் போட்டுச் சூடாக்கினார். ஆறியதும் துள்ளும் ஜெல்லி கிடைத்தது. இளகு பி.வி.சி. அங்கே பிறந்தது. 1930களில் டி.ஓ.பி. அதில் வந்து உட்கார்ந்தது, நெடுங்காலம் எழவே இல்லை.

ஒரு கிளைக்கதை. அதே தைவானில் 2011 மே மாதம் ஒரு ஊழல் வெடித்தது. பழச்சாறுகளுக்குக் கலங்கிய தோற்றம் தருவதற்குப் பாமாயிலும் கருவேலம் பிசின் வகையும் சேர்த்த ஒரு கலவை போடுவார்கள். பாமாயிலைவிடக் காசு குறைவு, நாள்பட்டாலும் பிரியாது என்று அதில் டி.ஓ.பி.யை ஊற்றியிருந்தார்கள். பிளாஸ்டிக்கில் இருக்கும் தாலேட்டை எடுத்துவிட்டு எண்ணெய் ஊற்ற உலகம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், சாப்பாட்டில் இருக்கும் எண்ணெயை எடுத்துவிட்டுத் தாலேட் ஊற்றினார்கள். விலை என்ற ஒன்று எந்தப் பக்கம் இழுக்கும் என்பதற்கு இதைவிட அப்பட்டமான சாட்சி தேவையில்லை.

இனி எண்ணெயின் வேதியியல். சமையல் எண்ணெயை அப்படியே பி.வி.சி.யில் ஊற்றினால் ஒட்டாது. குளோரின் நிறைந்த சங்கிலிகளுக்கு மின் இழுவையுள்ள மூலக்கூறுதான் ஒத்துவரும். எண்ணெயின் நீண்ட கார்பன் வாலில் அது இல்லை. இரண்டு நாளில் மேலே வேர்த்து நிற்கும். போதாக்குறைக்கு, எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கும்.

இந்த இரண்டு குறைக்கும் ஒரே வைத்தியம் செய்தார்கள். இரட்டைப் பிணைப்பு உள்ள ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆக்சிஜன் அணுவை முக்கோணமாக உட்கார வைப்பது. சோயா எண்ணெயில் ஃபார்மிக் அமிலமோ அசிட்டிக் அமிலமோ சேர்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, 60-70 டிகிரியில் கலக்குவார்கள். கலன் தானாகவே சூடேறும். பெராக்சைடை அவசரப்பட்டு ஊற்றினால் கைமீறிப் போகும், அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக. வினை முடிந்து கழுவிப் பிரித்தால் இளமஞ்சளான, தேன்பதமுள்ள திரவம் கிடைக்கும். எபாக்ஸி சோயா எண்ணெய், வியாபாரத்தில் ஈ.எஸ்.பி.ஓ. அதன் எடையில் ஏறத்தாழ 7 சதவீதம் இப்படிப் புதிதாகச் சேர்ந்த ஆக்சிஜன். இப்போது அது பி.வி.சி.யோடு கலக்கும், காற்றில் எளிதில் கெடாது. மூலக்கூறு எடை டி.ஓ.பி.யின் 390க்கு எதிராக ஆயிரத்தை ஒட்டி இருப்பதால் வெளியே நகர்வதும் மந்தம்.

அந்த முக்கோணம் இன்னொரு வேலையும் செய்கிறது, என் கணிப்பில் அதுவே பெரிய வேலை. பி.வி.சி.யை வார்க்க 160 முதல் 200 டிகிரிவரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழலும். கழன்ற அமிலம் அடுத்ததைக் கழற்றும், அது அதற்கடுத்ததை. பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, கடைசியில் கரி. எக்ஸ்ட்ரூடர் ஓட்டுகிறவர் வெளியே வரும் குழாயில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்ததும் ஓடிப்போய் நிறுத்துவது இதனால்தான். எபாக்ஸி முக்கோணம் அந்த அமிலத்தைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இளக்குகிற எண்ணெயே கருகாமல் காக்கும் ஸ்டெபிலைசராகவும் ஆகிறது.

இந்தியாவில் ஸ்டெபிலைசர் என்றால் நெடுங்காலம் ஈயம். குடிநீர்க் குழாய்க்குள்ளும் ஈய சல்பேட்டும் ஈய ஸ்டியரேட்டும் கலந்திருந்தன. மலிவு, நன்றாகவும் வேலை செய்யும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்து, 2021இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் பி.வி.சி. குழாய்களில் ஈய ஸ்டெபிலைசரைப் படிப்படியாக விலக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. ஈயத்துக்கு மாற்றாக வருவது கால்சியம்-துத்தநாக ஸ்டெபிலைசர். அதுவும் பாதி எண்ணெய் வித்துச் சமாசாரம்தான்: கால்சியம் ஸ்டியரேட், துத்தநாக ஸ்டியரேட் இரண்டுக்கும் வேண்டிய ஸ்டியரிக் அமிலம் பெரும்பாலும் பாமாயிலின் கெட்டிப் பகுதியிலிருந்து எடுக்கப்படுகிறது. துத்தநாகத்தில் ஒரு சங்கடம் உண்டு. அமிலத்தைப் பிடித்துப் பிடித்து அது துத்தநாகக் குளோரைடாகிச் சேர்ந்ததும், காவல் காத்ததே கெடுக்கத் தொடங்கி, பிளாஸ்டிக் திடீரென்று கறுத்துவிடும். அந்த நிலைமையைத் தள்ளிப்போடக் கூடவே ஊற்றுவது எபாக்ஸி எண்ணெயைத்தான்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லாவற்றிலும் அதையே ஊற்றவில்லை? ஊற்றிப் பார்த்தார்கள். ரெசின் நூறு கிலோவுக்கு ஐந்து, பத்து கிலோ வரை தொந்தரவில்லை. டி.ஓ.பி.யை முழுக்க எடுத்துவிட்டு நாற்பது ஐம்பது கிலோ ஊற்றினால், வெயிலில் முக்கோணங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ள, கலப்பு முறிந்து மேல்பரப்பு பிசுபிசுக்கும். குளிரில் விறைக்கும். ஆகவே துணைப் பிளாஸ்டிசைசர் என்ற நாற்காலியே அதற்குக் கிடைத்தது. தலைமை நாற்காலியை உலகச் சந்தையில் பிடித்தவை வேறு பெட்ரோலியப் பொருள்கள்: டி.ஐ.என்.பி., டிங்ச், டி.ஓ.டி.பி. இவற்றில் டி.ஓ.டி.பி.யைப் பற்றி அலிபிரியில் நின்று சொல்ல ஒரு வேடிக்கை இருக்கிறது. டெரெப்தாலிக் அமிலத்திலிருந்து வரும் பிளாஸ்டிசைசர் அது. வீணான பெட் பாட்டில்களை நறுக்கி ஆல்கஹாலோடு வினைபுரியச் செய்தும் தயாரிக்க முடிகிறது, தயாரிக்கவும் செய்கிறார்கள். சாவடியில் தொட்டியில் விழும் பாட்டில் அடுத்த பிறவியில் இளகு வயராகி, யாரும் தடுக்காமல் மலை ஏறலாம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எண்ணெய்ப் பிளாஸ்டிசைசரும் கசியும். சூரிச் மாகாண உணவு ஆய்வகம் கண்ணாடி ஜாடிகளின் உலோக மூடிக்குள் இருக்கும் பி.வி.சி. வளையத்தை ஆராய்ந்தது. எண்ணெயில் ஊறிய காய்கறி, சாஸ், ஊறுகாய் வகைகளுக்குள் எபாக்ஸி சோயா எண்ணெய் தாராளமாக இறங்கியிருந்தது. ஐரோப்பாவில் அதற்கு ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம், குழந்தை உணவுக்கு 30 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தாலேட்டுக்கு உள்ள ஹார்மோன் குற்றச்சாட்டு இதன்மேல் இல்லை, எடைக்கு எடை பார்த்தால் எவ்வளவோ சாது. இருந்தாலும் ‘செடியிலிருந்து வந்தது, சாப்பிட்டாலும் ஒன்றுமில்லை’ என்று விளம்பரம் செய்வது அளந்து பார்க்காத பேச்சு. பெராக்சைடில் குளித்து வந்த எண்ணெய் சமையல் எண்ணெய் இல்லை.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். சித்தூரும் அனந்தபூரும் கடலைக்காய் விளையும் பூமி. அனந்தபூரில் எண்ணெய்த் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. கடலெண்ணெயை எபாக்ஸி ஆக்கலாமே என்று தோன்றும். எவ்வளவு ஆக்சிஜன் ஏறும் என்பதை எண்ணெயின் அயோடின் எண் சொல்லிவிடும். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல், சோயாவுக்கு 130ஐ ஒட்டி, கடலெண்ணெய்க்கு நூறைத் தொட்டால் பெரிது. இரட்டைப் பிணைப்பு குறைவு, விலையோ அதிகம், சட்டியில் ஊற்றத்தான் அது சரி. சோயாவுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்னும் சங்கடமானது. சமையலுக்கு வேண்டிய எண்ணெயிலேயே பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சோயா எண்ணெய் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் கப்பல் ஏறுகிறது. தாலேட்டை விட்டுவிட்டு அதைப் பிடித்தால் கச்சா எண்ணெய் இறக்குமதிக்குப் பதில் சோயா எண்ணெய் இறக்குமதி. தட்டில் விழவேண்டியது வயரில் விழும்.

அதனால் சாப்பிட உதவாத எண்ணெய்கள் பக்கம் ஆராய்ச்சி திரும்பியது. கேரளத்து ரப்பர் ஆராய்ச்சியாளர்களும் நைஜீரிய வேதியியலாளர்களும் ரப்பர் விதை எண்ணெயை எபாக்ஸி ஆக்கி பி.வி.சி.யில் சோதித்தார்கள். அதன் அயோடின் எண் சோயாவுக்குச் சமமாக நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் அந்த விதை வெடித்துச் சிதறிக் கிடக்கிறது, பொறுக்கத்தான் ஆளில்லை. ஐதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் எண்ணெய்ப் பிரிவு புங்கம் போன்றவற்றில் வேலை செய்திருக்கிறது. விதை சேகரிப்பு என்ற சல்லிசான விஷயத்தில்தான் இந்த முயற்சிகள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன.

சேகரிப்பு ஒழுங்காக நடக்கும் ஒரே ஒரு சாப்பாட்டுக்குதவா எண்ணெய் நம்மிடம் உண்டு: விளக்கெண்ணெய். உலகச் சந்தைக்கு வரும் ஆமணக்கெண்ணெயில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குஜராத்தில் விளைகிறது. தெலங்கானாவின் மஹபூப்நகர், நல்கொண்டா பக்கம் மானாவாரியில் வரும். தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆமணக்கின் தனிச்சிறப்பு, அதன் கொழுப்பமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே வகை, ரிசினோலிக் அமிலம். அதில் ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கொக்கி இயற்கையாகவே மாட்டியிருக்கிறது. சோயாவில் பெராக்சைடு ஊற்றிச் சேர்க்கவேண்டியதில் ஒரு பகுதியைச் செடியே முடித்துக் கொடுக்கிறது. அந்தக் கொக்கியில் அசிட்டைல் கூட்டத்தைக் கோத்து டென்மார்க்கின் டேனிஸ்கோ நிறுவனம் ஒரு பிளாஸ்டிசைசர் செய்தது. எபாக்ஸி சோயா போல் துணை நாற்காலியில் ஒதுங்காமல், டி.ஓ.பி. இடத்திலேயே முழுதாக உட்காரக் கூடியது அது. உணவுப் பொருள் படும் பி.வி.சி.க்கு ஐரோப்பாவில் அனுமதியும் கிடைத்தது. விலைதான் அதைப் பரவவிடவில்லை. இன்னொரு வழி, ஆமணக்கெண்ணெயைக் காரத்தோடு சுமார் 250 டிகிரியில் பிளப்பது. செபாசிக் அமிலம் கிடைக்கும். அதிலிருந்து வரும் பிளாஸ்டிசைசர் கடுங்குளிரிலும் வயரை விறைக்கவிடாது. இந்த அமிலத்தை உலகில் அதிகம் செய்வது சீனா. எண்ணெய் இங்கிருந்து போகிறது. பீப்பாய் பீப்பாயாக ஆமணக்கெண்ணெய் விற்பதும், அதைப் பிளந்து விற்பவனிடம் திரும்ப வாங்குவதும் நமக்குப் பருத்தி காலத்திலிருந்தே கைவந்த வியாபாரம்.

திருமலைக்கே வந்துவிட்ட தாவர இளக்கி ஒன்றும் உண்டு, அது பி.வி.சி.யில் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் செய்த மக்காச்சோள மாவுச்சத்துப் பைகளுக்கு மலைமேல் தனி விற்பனைக் கவுன்டர் திறந்தார்கள். அந்த நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சதீஷ் ரெட்டி வந்திருந்தார். 90 நாளில் மட்கும் என்றார்கள். லட்டு வாங்குகிறவர்களுக்கான பை. மாவுச்சத்தை வெறுமனே படலமாக்கினால் அப்பளமாக நொறுங்கும். பொதுவாக இந்த வகைப் பைகளில் அதை இளக்கச் சேர்ப்பது கிளிசரால். சோப்புக் காய்ச்சும்போதும் பயோடீசல் செய்யும்போதும் தாவர எண்ணெயிலிருந்து பிரிந்து வரும் அதே கிளிசரால். நெய் ஊறிய லட்டுக்கு இது பொருத்தமான தேர்வு. காரணம், கிளிசரால் நெய்யில் கரையாது, தண்ணீரைத்தான் நாடும். நெய்க்குத் தப்புவது மழைக்காலத்து ஈரத்தில் மாட்டிக்கொள்ளும்: பை துவண்டுவிடும், வறண்ட காலத்தில் மொரமொரக்கும்.

எண்ணெயால் இன்னும் ஈடுகட்ட முடியாத இடம் ரத்தப் பை. 1950ஐ ஒட்டி கார்ல் வால்டர் அமெரிக்காவில் கண்ணாடி பாட்டிலுக்குப் பதிலாக பி.வி.சி. பையைக் கொண்டுவந்தார். இந்தியாவில் 1980களில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம் அதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கி, அதே ஊரில் பென்பால் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. திருப்பதி ஆஸ்பத்திரிகளின் ரத்த வங்கிகளிலும் தொங்குவது இந்த இனத்துப் பைதான். அந்தப் பிளாஸ்டிக்கில் டி.ஓ.பி.யோடு எபாக்ஸி சோயா எண்ணெயும் கால்சியம், துத்தநாக ஸ்டியரேட்டும் வழக்கமாகவே உண்டு. எண்ணெய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, காவல் வேலையில்.

இளக்கும் வேலையையும் அதற்கே கொடுத்துவிட முடியாததற்குக் காரணம் பிளாஸ்டிக் பக்கம் இல்லை, ரத்தத்தின் பக்கம் இருக்கிறது. பையிலிருந்து கசியும் டி.ஓ.பி. சிவப்பணுக்களின் மெல்லிய உறைக்குள் போய்ச் செருகிக்கொண்டு, அவை உடையாமல் தாங்குகிறது. குற்றவாளி என்று நாம் தேடும் அதே கசிவுதான் ரத்தத்தை 35 நாளும், ஊட்டக் கரைசல் சேர்த்தால் 42 நாளும் வைத்திருக்க உதவுகிறது. டி.ஓ.பி.யை எடுத்துவிட்டால் அணுக்கள் சீக்கிரம் உடைந்து பிளாஸ்மா சிவக்கும். சர்க்கரையை நொதிக்கவைத்துக் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் ஒரு சிட்ரேட் இந்த இரட்டை வேலையில் ஓரளவு தேறியிருக்கிறது. எபாக்ஸி எண்ணெய்க்கு அந்தத் தேர்ச்சி இல்லை. கலிபோர்னியா 2024இல் போட்ட சட்டம் 2030 ஜனவரி முதல் சலைன் பைகளில் டி.ஓ.பி. கூடாது என்கிறது, ரத்தப் பையைத் தொடவில்லை. ஐரோப்பாவும் மருத்துவக் கருவிகளுக்கான கெடுவை 2030 ஜூலைக்குத் தள்ளிவைத்திருக்கிறது. புதிய இளக்கி ஒன்று வந்தால், அதில் பை செய்து, ரத்தம் நிரப்பி, 4 டிகிரியில் வைத்து, 42ஆம் நாள் எடுத்து உடைந்த அணுக்களை எண்ண வேண்டும். அதை விரைவுபடுத்த வழியில்லை.